அந்தப் பெண் ரப்பரை ஒழுங்காகத்தான் போட்டாள்

நான் ஒரு பல் மருத்துவர். ஒரு பெண்ணின் வாயிலிருந்து பிடுங்கக் கூடாத பற்கள் இரண்டைப் பிடுங்கினேன். அதனால் வந்த கேட்டுக்கெல்லாம் அவள்தான் காரணம் என்று அவளைப் பெற்ற தாயிடமே சொன்னேன். ஒரு முறை அல்ல... இரண்டு வருடம், மாதா மாதம் சொன்னேன்!

இதுதான் விஷயம். இதற்கு மேல் படிக்காமல் நீங்கள் எழுந்து போனாலும் எனக்குக் கவலையில்லை. போகவில்லையென்றால் முழுவதும் கேளுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு ‘பாவம், தெரியாமல் செய்துவிட்டாள்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த இரக்கத்தை நினைத்தாலே எனக்கு ஆத்திரம் வருகிறது. இரண்டு பற்களில் ஒன்றைத்தான் நான் தெரியாமல் பிடுங்கினேன்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் கிளினிக். சொத்தை அடைப்பது, வேர் சிகிச்சை, பல் பிடுங்குவது எல்லாம் நானே செய்வேன். கிளிப் போடுவது மட்டும் என் வேலை அல்ல. அதற்குத் தனிப் படிப்பு உண்டு. எங்கள் பக்கம் அந்தப் படிப்புப் படித்தவர்கள் ஓர் இடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. இன்று ஓர் ஊர், நாளை ஓர் ஊர் என்று கிளினிக் கிளினிக்காகப் போய்ப் பார்ப்பார்கள். என்னிடம் வந்தவர் கல்லூரியில் எனக்கு மூன்று வருடம் மூத்தவர். சிதம்பரம் மேல வீதிப் பக்கம் அவருக்குச் சொந்த கிளினிக் இருந்தது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை என்னிடம் வருவார். அவரைச் சீனியர் என்றே சொல்கிறேன். பெயர் வேண்டாம்.

எங்களுக்குள் ஒரு வழக்கம். முதல் முறை வரும்போது அவர் வாயைப் பார்ப்பார், அச்செடுப்பார், இடம் உண்டாக்க எந்தப் பல்லை எடுக்க வேண்டும் என்று ஃபைலில் எழுதிவைப்பார். அடுத்த மாதம் அவர் வருவதற்குள் அந்தப் பற்களை நான் பிடுங்கி வைத்திருக்க வேண்டும். அவர் வந்து கம்பி கட்டுவார்.

நல்ல பல்லையா பிடுங்குவார்கள் என்று கேட்பீர்கள். முன்பல் வெளியே தள்ளியிருந்தால், உள்ளே இழுக்க இடம் வேண்டுமே! சிங்கப்பல்லுக்கு அடுத்த பல்லை எடுத்தால் அந்த இடம் கிடைக்கும். வாயின் நடுவிலிருந்து எண்ணினால் அது நான்காவது பல். எங்கள் தொழிலில் அதற்குப் பெயரே ‘நாலு’தான். மேலே வலது பக்கம் ஒரு நாலு, இடது பக்கம் ஒரு நாலு. கீழேயும் அப்படியே. ஆக ஒரு வாயில் நாலு என்ற பெயரில் நான்கு பற்கள் உண்டு.

அவளுக்குக் கௌசல்யா என்று பெயர் வைத்துக்கொள்வோம். பக்கத்திலிருக்கும் குடிகாடு கிராமத்துப் பெண். அப்பாவுக்குத் தொழிற்பேட்டையில் ஒப்பந்த வேலை. சிதம்பரத்தில் விடுதியில் தங்கிக் கல்லூரி முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். சனி ஞாயிறில் ஊருக்கு வருவாள். மேல்வரிசைப் பற்கள் முன்னால் தள்ளியிருந்தன; உதடு சேர்ந்து மூடாது. பள்ளிக்கூடத்தில் இவளைத் தேங்காய்த்துருவி என்று கூப்பிட்டார்களாம். அம்மாதான் அதைச் சொன்னாள். சொல்லும்போது இந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆனால் கீழ்வரிசை... அப்படி ஒரு கீழ்வரிசையை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒரு பல்கூட விலகவில்லை, திரும்பவில்லை. கை வைக்கவே தேவையில்லாத வரிசை!

“எதுக்கும்மா கிளிப்பு? கல்யாணம் கில்யாணம் பாக்குறாங்களா?” என்று சீனியர் முதல் நாள் கேட்டார்.

“இல்ல சார். டீச்சராவணும்.”

“டீச்சருக்குப் பல்லு எதுக்கு?”

“மொத நாளே பட்டப்பேரு வெச்சிடுவாங்க சார். நானே எங்க மேக்ஸ் டீச்சருக்கு வெச்சிருக்கேன்.”

எல்லோரும் சிரித்துவிட்டோம். அவளும் சிரித்தாள், கையால் வாயைப் பொத்திக்கொண்டு. கரும்பலகை முன்னால் கையை எடுத்துவிட்டு நிற்க வேண்டும், அதுதான் அவள் கேட்டது. எங்களால் முடியாத காரியமா அது? இரண்டு வருடத்தில் முடிந்திருக்கும்!

அடுத்த வாரம் சீனியர் போனில் கூப்பிட்டார். பேருந்தில் இருந்தார்போல; ஹாரன் சத்தத்தில் பாதிதான் கேட்டது.

“அந்தக் குடிகாட்டுப் பொண்ணு சனிக்கிழம வருதுல்ல? நாலு எடுத்துடும்மா.”

“நாலா?”

“ஆமாம்மா, நாலு.”

எந்தப் பல் என்று அவர் சொன்னார். எத்தனை பல் என்று நான் எடுத்துக்கொண்டேன். கிளிப் போட வரும் பிள்ளைகளில் பலருக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு எடுப்பது வழக்கம்தான். அதனால் எனக்கு உறுத்தவும் இல்லை. மேலே இருக்கும் இரண்டு நாலை மட்டும் எடுக்கச் சொல்லியிருக்கிறார் மனிதர். தமிழில் பேசிப் பழகிய எந்தப் பல் மருத்துவரும் தடுக்கி விழக்கூடிய இடம் அது.

தடுக்கி விழாமல் இருக்கத்தானே ஃபைல் என்ற ஒன்று இருக்கிறது! என் நாற்காலியிலிருந்து இரண்டே எட்டில் அலமாரி. அதில் அவர் கையெழுத்திலேயே இருந்தது. நான் எடுத்துப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை? எனக்குக் கைராசி என்று ஊரில் ஒரு பேச்சு. அந்த அம்மா பல்லு எடுத்தா எடுத்ததே தெரியாது என்பார்கள். அது தலைக்கேறியிருந்தது. ஃபைலைப் பார்த்துப் பார்த்துப் பல் பிடுங்குவதெல்லாம் நேற்றுப் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் செய்கிற வேலை என்று நினைத்தேன்.

இந்தத் திமிருக்கு என்னை நீங்கள் எந்தப் பெயரால் வேண்டுமானாலும் அழைக்கலாம்.

அந்தச் சனிக்கிழமை வலது பக்கம் மட்டும் எடுப்பது, இடது பக்கம் அடுத்த சனிக்கிழமை என்று முடிவு செய்தேன். ஒரு பக்கமாவது மென்று சாப்பிட வேண்டுமல்லவா? மேல் வலது பல் வந்துவிட்டது. கீழே மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுக் காத்திருந்தேன். உதடு தடித்துச் சொல் குழற அவள் கேட்டாள்:

“மேடம்... மேல ரெண்டு மட்டுந்தான்னு சாரு சொன்னாரே?”

கேட்டாள்! பத்தொன்பது வயதுகூட ஆகாத பெண், மரத்துப்போன வாயோடு, சரியாகக் கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“நீ டாக்டரா, நான் டாக்டரா?”

கதவருகில் நின்ற அம்மா அதட்டினாள். “ஏய், டாக்டரம்மாவ எதுத்துப் பேசாத. வாயத் தொற.”

அவள் வாயைத் திறந்தாள். இரண்டு நிமிடத்தில் எடுத்துவிட்டேன். கைராசிக்காரி அல்லவா!

இதுவரை நடந்தது தவறு. மன்னிக்கலாமா கூடாதா என்று நீங்கள் யோசிக்கக்கூடிய தவறு. இனி வருவதுதான் நான் யாரிடமும் சொல்லாதது.

அவர்கள் போன பிறகு, எடுத்த பற்களைக் குறிக்க ஃபைலைத் திறந்தேன். எங்கள் வழக்கப்படி கூட்டல் குறி மாதிரிக் கோடு போட்டு, மேல்தாடைப் பற்களைக் கோட்டுக்கு மேலேயும் கீழ்த்தாடைப் பற்களைக் கோட்டுக்குக் கீழேயும் எழுதுவோம். மேலே இரண்டு பக்கமும் ஒவ்வொரு 4 இருந்தது. கீழே ஒன்றும் இல்லை. வெறும் காகிதம்.

எனக்கு உடம்பு வியர்த்தது. அதில் பெருமை என்ன? திருடனுக்கும்தான் வியர்க்கும்.

அப்போதே சீனியரைக் கூப்பிட்டிருக்கலாம். அந்தத் தாயைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ‘தவறாக ஒரு பல்லை எடுத்துவிட்டேன்’ என்று சொல்லியிருக்கலாம். ஒரு பல் போனதற்கு வழி இருந்தது. இடத்தை அப்படியே காத்துவைத்துப் பல் கட்டியிருக்கலாம். எல்லாம் தெரியும் எனக்கு! தெரிந்தும் நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மேலே இரண்டும் கீழே ஒன்றுமாக மூன்று போனால், யார் வாயைத் திறந்து பார்த்தாலும் தவறு என்று தெரிந்துவிடும். நான்கும் போனால் அது திட்டம்போலத் தெரியும்.

படித்த படிப்பும் கூட நின்றது. ஒரு பக்கம் மட்டும் பல் குறைந்தால் நடுக்கோடு நகர்ந்துவிடும், இரு பக்கமும் சமமாக இருப்பதே நல்லது என்று எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டேன். பொய்க்குத் துணை போவதற்கா ஐந்து வருடம் படித்தேன்?

அடுத்த சனிக்கிழமை அவள் வந்தாள். இந்த முறை எதுவும் கேட்கவில்லை. உட்கார்ந்ததும் வாயைத் திறந்துகொண்டாள். நான் முதலில் கீழ்ப் பல்லைத்தான் எடுத்தேன். மேல் பல்லில் தொடங்கினால் இடையில் மனம் மாறிவிடுமோ என்று பயம். மனம் மாறிவிடக் கூடாதே என்று பயந்தவள் நான்... இதை இரண்டு முறை படியுங்கள்!

அந்த மாதம் சீனியர் வந்தார். வாயைத் திறக்கச் சொன்னார். கண்ணாடியைக் கீழ்வரிசைப் பக்கம் திருப்பினார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு என்னை உள்ளறைக்கு அழைத்தார்.

“நான் என்னா சொன்னேன்?”

“நாலுன்னு சொன்னீங்க.”

“நாலுன்னா நாலாம் பல்லும்மா! ஃபைல பாக்கல?”

இடது பக்கத்தைப் பிடுங்கும் முன்பே ஃபைலைப் பார்த்துவிட்டேன் என்று நான் அவரிடமும் சொல்லவில்லை. அவர் ஃபைலை மேசை மேல் விரித்து வைத்தார். மூடவில்லை. டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனார்.

அவர் 4 எழுதினால் தலை மூடாது. நானும் அப்படியே, கோட்டுக்குக் கீழே, இரண்டு பக்கமும் எழுதினேன். அதே நீல மையில். திரும்பி வந்தவர் பார்த்தார். ஃபைலை மூடினார்.

“சரி, கம்பி கட்டலாம்” என்றார்.

அவர்மேல் உங்களுக்குக் கோபம் வருகிறதா? வரட்டும். எனக்கும் உண்டு. பல வருடம் அவரைத் திட்டியே காலம் தள்ளினேன். அது சௌகரியமாக இருந்தது. ஆனால் எழுதியது என் கை. பின்னால் அந்த வார்த்தையைச் சொன்னதும் என் வாய்தான்.

கீழே தேவையில்லாமல் விழுந்த இடைவெளியை என்ன செய்வது? முன்பற்களைப் பின்னால் இழுத்து மூடினால், மேல்வரிசை உள்ளே போன அளவு கீழ்வரிசையும் உள்ளே போய்விடும். மேல் பற்கள் பழையபடி நீட்டிக்கொண்டுதான் தெரியும். ஆகவே பின்னால் இருக்கும் கடைவாய்ப் பற்களை முன்னால் நகர்த்த வேண்டும். அவை லேசில் நகராது. அதற்குத்தான் ரப்பர். மோதிரத்தைவிடச் சிறிய வளையம். மேலே சிங்கப்பல் கொக்கியில் ஒரு முனை, கீழே கடைவாய்ப் பல் கொக்கியில் மறுமுனை. சாப்பிடும்போது மட்டும் கழற்றலாம். மற்ற நேரமெல்லாம் வாயில் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தினமும் புதிது மாற்ற வேண்டும்.

நிறையப் பிள்ளைகள் போட மாட்டார்கள். வலிக்கும், கொட்டாவி விட்டால் அறுந்து தெறிக்கும். அதனால், எது சரியாக வராவிட்டாலும் கிளிப் போடுகிறவர்கள் முதலில் கேட்பது ரப்பரைப் பற்றித்தான். எங்கள் தொழிலில் எப்போதும் கைவசம் இருக்கும் சாக்கு அது.

ஒரு வருடம் கழிந்தது. கீழ் இடைவெளி பாதிகூட மூடவில்லை. மேல்வரிசை வர வேண்டிய அளவு உள்ளே வரவில்லை. ஒரு சனிக்கிழமை அம்மா கேட்டாள்: “ஏன் மேடம் இன்னும் அப்பிடியே இருக்குது? பக்கத்துத் தெரு புள்ளைக்குச் சீக்கிரமே சரியாயிடுச்சே?”

சீனியர் கம்பியை முறுக்கிக்கொண்டு குனிந்தே இருந்தார். அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை. நான் சொன்னேன்:

“ரப்பர ஒழுங்கா போடுதான்னு கேளுங்க.”

அவ்வளவுதான்! நாலே வார்த்தை. அம்மா திரும்பி நாற்காலியில் படுத்திருந்தவளின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். “எந்நேரமும் போன நோண்டிக்கினு... அவுங்க இவ்ளோ கஷ்டப்படுறாங்க, உனக்குத் திமிரு ஜாஸ்தி ஆயிடுச்சி!”

“போடுறம்மா... சத்தியமா போடுறேன்!” வாயில் கம்பியும் பஞ்சுமாக அவள் கத்தினாள்.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. மாதா மாதம் அவள் வருவாள், நான் ரப்பரைப் பற்றிக் கேட்பேன், அவள் போடுகிறேன் என்பாள், நான் உதட்டைப் பிதுக்குவேன். ஃபைலில் ‘ரப்பர் சரியாகப் போடவில்லை’ என்று எழுதுவேன். வீட்டில் அவள் போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். விடுதியில் கூடத் தங்கியிருந்த பெண்ணிடம் அம்மா சொல்லி வைத்தாள், ‘இவ ரப்பர் போடுறாளா பாத்துச் சொல்லு பாப்பா’ என்று. அவளிடம் வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் கௌசல்யா தூங்கப் போகவேண்டியிருந்தது. எல்லாம் என் நாலு வார்த்தையால்.

எனக்கு உண்மையிலேயே தெரியாதா, அவள் போடுகிறாள் என்று? தெரியும்! கொரோனா ஊரடங்கில் கிளினிக்கை மூடியிருந்தபோது எனக்குப் போன் வந்தது. அம்மாவின் போனிலிருந்து அவள்தான் பேசினாள்.

“மேடம், ரப்பர் தீந்துபோச்சி. இன்னும் ரெண்டு நாளைக்குத்தான் வரும். அப்பாவ அனுப்பட்டா?”

அவள் அப்பா டி.வி.எஸ்.ஸில் வந்து என் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்று வாங்கிப்போனார். போடாதவளுக்கு எப்படித் தீரும்? ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது ரப்பருக்காகக் கவலைப்பட்டவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். ஊரடங்கு முடிந்து அவர்கள் வந்தபோது நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்? “லாக்டவுன்ல சரியா போடாம விட்டுட்டா, அதான் லேட்டாவுது.” அதே வாயால் சொன்னேன்!

மூன்றாம் வருடம் அம்மாவுக்கே சந்தேகம் வந்தது. நேராகச் சிதம்பரம் போய்ச் சீனியரிடம் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். சீனியர் பயந்துபோய் என்னைக் கூப்பிட்டார். “நீயும் வந்துடும்மா. நான் தனியா பேச மாட்டேன்.” நான் பஸ் பிடித்துப் போனேன். போகும் வழியெல்லாம், இன்று சொல்லிவிடலாம், இன்று சொல்லிவிடலாம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டே போனேன். அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. நினைத்தேன் என்பதைக்கூட உங்களிடம் சொல்லிக்காட்டுகிறேன் பாருங்கள்.

கௌசல்யா விடுதியிலிருந்து நேராக வந்திருந்தாள். பையிலிருந்து ஒரு ஊறுகாய் டப்பாவை எடுத்து மேசை மேல் வைத்து மூடியைத் திறந்தாள்.

உள்ளே முழுக்க ரப்பர் வளையங்கள். கழற்றியதையெல்லாம் கழுவிக் காயவைத்துச் சேர்த்திருக்கிறாள்.

“பாருங்க சார். பாருங்க மேடம். நான் போடலன்னு சொல்றீங்கல்ல? ஒண்ணுகூடத் தூக்கிப் போடல. எண்ணிக்கூடப் பாத்துக்குங்க.”

புது ரப்பர் வெளுப்பாக இருக்கும், விறைப்பாக இருக்கும். டப்பாவில் இருந்தவை தொளதொளத்துப்போய், குழம்பு மஞ்சள் ஏறிக் கிடந்தன. நாள் முழுக்க வாயில் கிடந்தால்தான் அந்த மஞ்சள் ஏறும். எனக்குத் தெரியும். சீனியருக்கும் தெரியும். அவர் என்னைப் பார்த்தார். அம்மாவும் என்னைப் பார்த்தாள். அந்தப் பெண் டப்பாவை என் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.

ஒரே ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. ‘தப்பு எங்களுடையது.’ அதைச் சொல்லத் திறந்த வாயா, அல்லது இதைச் சொல்லவே திறந்ததா... நான் சொன்னது இதுதான்:

“புதுசையே இழுத்து இழுத்து விட்டுக் கொண்டாந்திருக்கலாம்ல?”

பல் பிடுங்கியதைவிட, ஃபைலில் எண்ணைச் சேர்த்து எழுதியதைவிட, என் வாழ்நாளில் நான் செய்த கேவலமான காரியம் இந்த வாக்கியம். இதை எந்த ஃபைலிலும் நீங்கள் பார்க்க முடியாது.

“அப்பிடியாடி பண்ண?” என்றாள் அம்மா.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு மூடியைத் திருகி டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். “வுடும்மா, போலாம்” என்றாள். அன்றிலிருந்து நாங்கள் என்ன சொன்னாலும் சரி மேடம், சரி சார் என்று மட்டுமே சொன்னாள்.

சில மாதங்களில் கிளிப்பைக் கழற்றிவிட்டோம். அதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லை. கீழே இரண்டு பக்கமும் கொஞ்சம் சந்து நின்றுவிட்டது, அங்கே சோறு மாட்டும். கடைவாய்ப் பற்கள் முன்னால் சாய்ந்துவிட்டன. நேராக நின்ற கீழ் முன்பற்கள் உள்பக்கம் சரிந்துவிட்டன. மேல்வரிசை கொஞ்சம் உள்ளே போனாலும் நீட்டலாகத்தான் தெரிகிறது. உதடு இன்றும் சேர்ந்து மூடாது. வரும்போது மேலே மட்டும் குறை இருந்தது. போகும்போது கீழேயும் கொடுத்து அனுப்பினோம்!

கடைசி வருடம் அவள் வகுப்புப் பிள்ளைகள் பிச்சாவரம் போய்ப் படகில் எடுத்துக்கொண்ட படத்தை அவள் தன் வாட்ஸ்அப்பில் முகப்புப் படமாக வைத்திருந்தாள். எல்லோரும் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். அவள் கையால் பொத்திக்கொண்டிருக்கிறாள்.

பட்டம் வாங்கினாள். பி.எட். சேரவில்லை. ‘டீச்சர் வேல எனக்கு ஒத்துவராதும்மா’ என்று சொல்லிவிட்டாளாம். இப்போது கடலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிறாள். அங்கே நாள் முழுக்க முகக்கவசம் போட்டுக்கொண்டிருக்கலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

ஏன் இன்னும் அவளிடம் சொல்லவில்லை என்று கேட்கிறீர்களா? கிளினிக் போய்விடும், பெயர் போய்விடும், வழக்கு வரும் என்றெல்லாம் சொல்லலாம். அவை உண்மைதான். ஆனால் உண்மையான காரணம் அவை இல்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல என்னால் ஆகாது. உங்களிடம் சொல்வது சுலபம். நீங்கள் யாரோ. நீங்கள் என்ன நினைத்தாலும் நாளைக் காலை நான் கிளினிக்கைத் திறப்பேன்.

சீனியர் இப்போது என்னிடம் வருவதில்லை. நாங்கள் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. ஒருவரை ஒருவர் பார்க்க முடியவில்லை, அவ்வளவே. வேறொரு பெண் மருத்துவர் வருகிறார். போனில் சொல்வதை நான் ஏற்பதில்லை, எழுதிக் காட்டச் சொல்கிறேன். திருந்திவிட்டேனாம்! யாருக்கு வேண்டும் அது?

போன மாதம் கௌசல்யா வந்தாள். தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்தப் பிள்ளைக்கும் பல் தள்ளித்தான் இருக்கிறது. வேறு எங்காவது போயிருக்கக் கூடாதா? ஊரில் பல் மருத்துவர்களுக்கா பஞ்சம்? என்னிடம்தான் வர வேண்டுமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. “உங்ககிட்டதான் மேடம் நம்பி வர முடியும்” என்று அவளே சொன்னாள்.

புது மருத்துவர் பிள்ளையின் வாயைப் பார்த்துவிட்டு, கம்பி கட்டின பிறகு கொஞ்ச நாள் ரப்பர் போட வேண்டியிருக்கும் என்றார். உடனே கௌசல்யா முகக்கவசத்தைக் கீழே இறக்கினாள். இத்தனை வருடங்களில் சிகிச்சை நாற்காலிக்கு வெளியே என் எதிரில் அவள் தானாக வாயைத் திறந்து காட்டியது அன்றுதான். கன்னத்தை விரலால் இழுத்துக் கீழ்ச் சந்தைத் தங்கைக்குக் காட்டினாள்.

“பாத்துக்க. ரப்பர் போடாம ஏமாத்துனா இப்பிடித்தான் ஆவும். என்ன மாதிரி பண்ணாத.”

டப்பா நிறையச் சாட்சி வைத்திருந்தவள்! “நீ... போட்டியேம்மா” என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன்.

“போட்டேன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன் மேடம். சாப்புட்டு முடிச்சி மறந்து மறந்து வுட்டிருப்பேன்போல. இல்லன்னா ஏன் ஆவுது? நீங்களும் சாரும் அவ்ளோ தூரம் சொன்னீங்க. அப்ப சின்னப் புள்ள, டப்பாவெல்லாம் கொண்டாந்து சண்ட போட்டேன்...” சிரித்தாள். கை தானாக வாயை மூடப் போனது. “சாரி மேடம்.”

எப்போது நம்பினாள்? எந்த நாளில், நான் சொன்ன எந்த வார்த்தையில், தன் கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு என்னை நம்பினாள்? நான் இரண்டு பல்லை மட்டுமா பிடுங்கினேன்!

அவள் என் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள். தங்கையும் என்னைப் பார்த்தது. அறையில் நாங்கள் நான்கு பேர்தான். அவளை உட்காரச் சொல்லியிருக்கலாம். ஒரு நிமிடம் போதும்.

“பரவால்லம்மா, வுடு” என்றேன்.

அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அவள் கேட்ட மன்னிப்பை நான் கொடுத்துவிட்டேன்.